வராத டேப்லெட்டுக்கு உறை

“எருமை வாங்கறதுக்கு முன்னாடியே நெய் விலை பேசுறவரப் பாக்கணுமா? எங்க வூட்டுக்காரரப் பாருங்க” என்றாள் சகாயசெல்வி.

ஜிப் மாற்ற வந்த அம்மாள் சிரித்துவிட்டாள். தையல் மெஷினில் குனிந்திருந்த ஸ்டீபன்ராஜ் நிமிரவே இல்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பை தைக்கிற கடை அவனுடையது. மே மாதம். மற்ற கடைக்காரர்கள் ராவும் பகலும் ஸ்கூல் பேக் தைக்க, இவன் மட்டும் இன்னும் விற்பனைக்கே வராத ஒரு டேப்லெட்டுக்கு ஜிப் வைத்த உறை தைத்துக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு இல்லை, முந்நூறு.

யோசனை கொடுத்தவன் பக்கத்து மொபைல் கடை ஆஸ்வின். அந்த டேப்லெட் பற்றி நெட்டில் என்ன கசிந்தாலும் சுடச்சுடக் கொண்டுவந்துவிடுவான்.

“குவாட் கோர் பிராசசராம்ணா. ரெண்டு ஜிபி ராம். பின்னாடி எட்டு மெகாபிக்சல் கேமரா. ஜூலைல வருது. விழுப்புரத்துல இப்பவே புக்கிங் எழுதிக்கினு இருக்காங்க.”

“அதெல்லாம் வாங்கறவனுக்கு. எனக்கு நீளம் அகலம் சொல்லு.”

“ஏழு இஞ்ச் ஸ்க்ரீனு. போட்டோவே லீக் ஆயிடுச்சு. உறை எட்டுக்கு அஞ்சு இருந்தா கச்சிதமா உக்காரும். வர்ற அன்னிக்கு ஊருக்குள்ள நம்மகிட்ட மட்டும்தான் உறை இருக்கும்.”

சகாயசெல்விக்குப் பொறுக்கவில்லை. “எவனோ கிளப்பிவுட்ட புரளிய நம்பி ஒரு மனுசன் தொழில் பண்ணுவானா தம்பி?”

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்வாங்க இல்லக்கா?”

“ஐஸ் வண்டிக்காரனும்தான் மணி அடிச்சிக்கினு வர்றான்.”

ஆஸ்வின் நைசாகத் தன் கடைக்கு நழுவினான்.

கம்பெனி பைகள் வந்து குவிந்ததிலிருந்து ஸ்டீபன்ராஜுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கையிலிருந்ததை எல்லாம் ரெக்சினிலும் ஸ்பாஞ்சிலும் போட்டாயிற்று. உறை விற்றால் கடை நிற்கும். விற்காவிட்டால் மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பாண்டியில் எவனிடமாவது சம்பளத்துக்குத் தைக்கப் போகவேண்டியதுதான்.

இதெல்லாம் தெரிந்தும் அவள் வாய் ஓயவில்லை. “எட்டுக்கு அஞ்சுதானே? நாளைக்கே வேற எவனாவது வேற அளவு சொன்னான்னு மாத்தமாட்டீங்களே?” என்று வாரத்துக்கு ஒருமுறை குத்திக் காட்டினாள்.

“கட்ன பொண்டாட்டிக்கே நம்பிக்க இல்ல ஆஸ்வினு. அப்புறம் ஊர்ல எவன் நம்புவான்?” என்று சொன்னபோது ஸ்டீபன்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூலையில் டேப்லெட் வந்தது. காலை பஸ்ஸில் விழுப்புரம் போன ஆஸ்வின், ஒரு பீஸோடு மத்தியானம் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

“பிராசசர் சரிண்ணா. கேமரா சரி. ராமும் சரி. ஸ்க்ரீன மட்டும் எட்டு இஞ்ச் ஆக்கிட்டான்.”

ஸ்டீபன்ராஜ் ஓர் உறையை எடுத்து நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தான். வேறொரு உறையை எடுத்தான். எல்லாம் ஒரே அளவில் தைத்தவைதானே, எது நுழையும்? அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

“கை கழுவிக்கினு வாங்க. சோறு ஆறிப்போவுது” என்றாள் அவள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இரண்டு நாள் கழித்து மாதா கோயில் உபதேசியார் பாக்கியசாமி கடைக்கு வந்தார். கையில், கோயிலின் பொன்விழாவுக்காகப் புதிதாக அச்சடித்த பாட்டுப் புத்தகம்.

“ஸ்டீபனு, உங்கிட்ட ஜிப் வெச்ச உறை ரெடியா கீதாமே?”

“இருக்குதுங்க. அத வெச்சிக்கினு நாக்கு வழிக்கக்கூட முடியாது.”

உபதேசியார் ஓர் உறையை எடுத்தார். புத்தகத்தை உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தார். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

“நானூறு புக்கு போட்டிருக்கோம். மழைக் காலம் வருது, உறையோட குடுத்துடலாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு. மேல ஒரு சிலுவ மட்டும் தச்சிடு. இருக்கறது போக மிச்சத்த எப்ப குடுப்ப?”

ஸ்டீபன்ராஜ் புத்தகத்தை வெளியே எடுத்தான், மறுபடி உள்ளே விட்டான். கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் ஆண்டவர் செயலுங்க. நான் தப்பா தச்ச அளவும் நீங்க போட்ட புக்கு அளவும் எப்படிங்க ஒண்ணா வந்துது?”

“செயல் ஆண்டவரோடதுதான். அளவு அவரு சொல்லல” என்று சிரித்தார் உபதேசியார். “நாங்க பெரிய புக்காத்தான் போடறதா இருந்தோம். எட்டுக்கு அஞ்சு உறைக்குள்ள அடங்கறாப்புலதான் அடிக்கணும்னு, மே மாசமே பிரஸ்ல வந்து குந்திக்கினு அடம் புடிச்சது உங்க வூட்டம்மா.”