முருகன் பெயரைச் சேர்க்க முடியாது

"இதை இதுவரைக்கும் யாருக்காவது காட்டியிருக்கீங்களா, அங்கிள்?"

காப்புரிமை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேர் மச்சானிலிருந்து கோப்பிக் கடைக்காரர்வரை எல்லாருக்கும் காட்டி, ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். முன்னாலேயே ஊருக்குக் காட்டிவிட்டால் உரிமை கிடைக்காது, முதலில் விண்ணப்பம், பிறகு பெருமை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

தங்கராஜு அங்கிள் வேறு ரகம். யாரிடமும் மூச்சுகூட விடவில்லை என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பூவம்மாவைப் பார்த்தார்.

செங்காங்கிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வந்ததே ஆன்ட்டிதான். அங்கிளுக்கு அவசரமில்லை. தைப்பூசம் முடியட்டும், அப்புறம் விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

மேசைமேல் பொருள் கிடந்தது. அகலமான இடுப்புப் பட்டை, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த அலுமினியத் தண்டு. தோளில் ஏறுகிற சுமையைத் தண்டு வாங்கி இடுப்பில் இறக்கிவிடும். லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற மனிதர், கைவேலை சுத்தமாக இருந்தது. வீடு மாற்றிக் கொடுக்கும் ஆட்களுக்காகச் செய்தேன் என்றார்.

யார் போட்டுப் பார்த்தது என்று கேட்டேன். நான்தான் என்றார். எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டேன்.

"சிராங்கூன் ரோட்டுலேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும்," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் பெயர் யும்னாதான். அதற்காக, அந்தப் பாதையில் தைப்பூசத்தன்று யார் எதைச் சுமந்துகொண்டு நடப்பார்கள் என்று தெரியாதா? பள்ளித் தோழிகளோடு அங்கே நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். வீடு மாற்றும் ஆட்களாம்.

சைனாடவுனில் என் அலுவலக ஜன்னலைத் திறந்தால் மாரியம்மன் கோயில் கோபுரம். அங்கிள் அதற்கு முதுகைக் காட்டுகிற மாதிரி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

ஆன்ட்டிக்கு இருதய அறுவை நடந்தபோது, பிழைத்தால் மூன்று வருடம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். ஆன்ட்டி பிழைத்துவிட்டார். அறுபதை நெருங்குகிற தோள் பிழைக்காது என்று அவருக்குப் பட்டது. அதனால் பட்டை மஞ்சள் வேட்டிக்குள் போனது, தண்டுகள் மயிலிறகுக்குள் போயின. இரண்டு தைப்பூசம் ஆயிற்று. காவடியின் கனம் அவர் தோளுக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்டி தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாராம். இவர் வலிக்காத தோளுக்காக முனகுவாராம்.

ஏமாற்றி வாங்கிய உயிரை முருகன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்கிற பயம்தான் அவருக்கு. மூன்றாவது காவடியையாவது பட்டை இல்லாமல் எடுத்துவிட வேண்டும். தைப்பூசத்துக்குப் பிறகு விண்ணப்பம் என்றதற்கு அதுதான் பொருள். அந்தத் தோளைப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது.

ஆன்ட்டி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அத்தனை கூட்டத்தின் நடுவே வேட்டிக்குள் இருந்தது ஊருக்குக் காட்டியதாகுமா ஆகாதா என்று நான் உட்கார்ந்து பார்க்கவேண்டும். எப்படியிருந்தாலும் இனித் தள்ளிப்போடக் கூடாது, இன்றைக்கே போட்டுவிடலாம் என்று சொல்லி விவரம் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் வருடம் பட்டை இடுப்பை அறுத்து ரத்தம் வந்துவிட்டதாம். அடுத்த வருடமும் அதே பட்டைதான், ஒரு கீறல்கூட இல்லையாம். இடையில் எதை மாற்றினீர்கள் என்றேன். ஒன்றையும் மாற்றவில்லை, முருகன் அருள் என்றார். அவன் தன்மேல் கோபமாக இல்லை என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

விண்ணப்பத்தில் அப்படி எழுத முடியாதே என்றேன். பட்டை அறுக்காமல் எது தடுக்கிறதோ அதுவும் இதில் ஒரு புதுமை. அதைச் செய்தவர் பெயரையும் போட்டாகவேண்டும். முருகன் பெயரைச் சேர்க்க முடியாது.

ஆன்ட்டி தேடியது கிடைத்துவிட்டது. சின்னக் கத்தரிக்கோல்.

பட்டையைத் தன் பக்கம் இழுத்து உள்பக்கத் தையலைப் பிரித்தார். உள்ளே ஊதா நிறத்தில் இரண்டு அடுக்கு, மெத்தென்று, பொடித் தையலில் அலை அலையாகப் பிடித்துவைத்திருந்தது. அறுவைக்குப் பிறகு மகள் வாங்கிக் கொடுத்து, ஆன்ட்டி ஒரு நாள்கூட விரிக்காத யோகா பாய்.

அங்கிள் பட்டையையும் ஆன்ட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தோள்ல ஒரு தடம் இல்ல, அதுக்கு அந்த முனகு முனகினீங்க. இடுப்புல ரத்தம் வந்தப்ப வாயே திறக்கல லா."

அங்கிள் நாற்காலியை மறுபடியும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நான் அடையாள அட்டை கேட்டேன். அவர் ஆன்ட்டியின் கைப்பையைத் திறந்து ஆன்ட்டியின் அட்டையை எடுத்து, தன்னுடையதற்கு மேலே வைத்துக் கொடுத்தார்.

பட்டையை ஒரு வாரம் என்னிடம் விட்டுப்போக முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார் ஆன்ட்டி. தைப்பூசத்துக்குள் திரும்பத் தைக்கவேண்டுமாம், மீதிப் பாய் வீட்டில் இருக்கிறதாம்.