நதீம் தாண்டிய உயரம்

நதீம் சோபாவில் உட்கார்ந்திருந்தான். வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும் மாவு மூட்டை போல.

நாலு வயதுப் பையன். மே மாதத்துக் கெய்ரோ வெயிலில் அவனுக்குக் கம்பளிச் சட்டை. தலை சீவவில்லை. மூக்குக்குக் கீழே சளி காய்ந்திருந்தது. நான் வருவது தெரிந்தும் முகம் கழுவிவிட அவன் அம்மாவுக்குக் கை வரவில்லை.

"நேத்துலேர்ந்து உடம்பு சுடுது அண்ணி. ஒரு வாய் சாப்பிடல," என்றாள் ரபாப். என் தம்பி மம்தூஹின் மனைவி.

வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு நான் இங்கே வருவேன். வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு உடம்பு சுடும். தொட்டுப் பார்த்தால் சுடாது.

நான் ஷுப்ராவில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. என் விசிலுக்கு ஓடாத கால் அந்தப் பேட்டையில் இல்லை. இந்த ஒரு ஜோடியைத் தவிர.

பையைத் திறந்து கொண்டுவந்ததையெல்லாம் பரப்பினேன். கயிறு, பந்து, பெரிய பிளாஸ்டிக் வளையம். சின்னப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே தினமும் ஆட்டம் போட வேண்டும், குதிக்க வேண்டும், உருள வேண்டும், இப்போது உரம் ஏறாத எலும்பு எப்போது ஏறும் என்று போன வாரம் சொன்னதையே மறுபடியும் சொன்னேன்.

"சரி அண்ணி," என்றாள். அந்த "சரி"யை எனக்குத் தெரியும். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிள்ளை பிரெஞ்சில் பத்து வரை எண்ணுவானாம். எண்ணட்டும். பத்துப் படி ஏறச் சொன்னால் அப்பன் தூக்கிக்கொண்டு ஏறுவான்.

வீட்டில் இடமா இல்லை? இருப்பதிலேயே பெரிய அறையில் தங்க முலாம் பூசிய நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, வராத விருந்தாளிக்காகக் காத்திருக்கின்றன. அந்த அறைக்குப் பூட்டு வேறு. பெற்ற பிள்ளைக்கு சோபாவின் ஒரு மூலை.

முன்பு இவன் இப்படி இல்லை. இரண்டு வயதில் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். அடேயப்பா, இது ஓட்டக்காரன் கால் என்று கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். மறுநாளே மாடிப்படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். பிள்ளை என்றால் விழத்தான் செய்யும். ஒரு தரம் விழுந்ததற்கு ஓட்டத்தையே நிறுத்திவிட்டாள் இந்தப் புண்ணியவதி.

எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. எனக்கென்று இருக்கிற சின்ன உயிர் இவன் ஒருவன்தான். நான் உள்ளே நுழையும்போது ஒரே ஒரு தடவை இவன் ஓடி வந்து என்மேல் மோத வேண்டும். பேராசையா இது?

வளையத்தைத் தரையில் வைத்தேன். இரண்டு காலையும் சேர்த்து, முட்டியை மடக்கி, முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்று, இந்த உடம்பை வைத்துக்கொண்டு நானே குதித்துக் காட்டினேன். கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள்.

நதீம் வளையத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள். அவன் சோபாவில் இன்னும் பின்னால் தள்ளி உட்கார்ந்தான்.

"விடுக்கா. அவன் அமைதியான பையன்," என்றான் மம்தூஹ், வாய் நிறைய முட்டைக்கோஸ் சுருளோடு.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்க நினைத்தேன். மேசையில் இடித்துக்கொண்டிருந்த அவன் வயிற்றைப் பார்த்தேன். கேட்கவில்லை.

தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் என்பது பெயருக்குத்தான். இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் ஒன்று தோன்றியது. சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளிப் போட்டாலே பிள்ளைக்கு ஓட இடம் கிடைக்கும். மேசையைத் தள்ளக்கூட நான் சொல்லித்தர வேண்டிய ஜன்மங்கள். மூச்சு வாங்க மறுபடி ஏறினேன்.

கதவு திறந்து கிடந்தது. சாம்பிராணிப் புகை படிக்கட்டுவரை வந்திருந்தது.

உள்ளே தம் தம் என்று சத்தம். கூடவே சிரிப்பு.

மேசை ஏற்கெனவே சுவரோடு தள்ளப்பட்டிருந்தது. கூடத்தின் நடுவில் தரையில் புகைச்சட்டி. நதீம் கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்திருந்தான். அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தான். சட்டியின் முன்னால் நின்று, இரண்டு காலையும் சேர்த்து எம்பினான். முட்டி மடங்கி, முன்பாதத்தில் இறங்கினான். என் பள்ளியில் எட்டு வயதுப் பெண்கள்கூட அந்த உயரம் தாண்டியதில்லை. திரும்பி ஓடிப்போய் மறுபடியும் தாண்டினான். என் தம்பி கை தட்டிக் கை தட்டி எண்ணினான்.

ரபாப் ஒரு பிடி உப்பை நெருப்பில் போட்டாள். அது படபடவென்று வெடித்தது.

"நீ தாண்டத் தாண்ட இன்ஷிராஹோட கொள்ளிக்கண்ணு இப்படியே வெடிச்சுப் போகட்டும்."

கெய்ரோவில் அந்தப் பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கும். அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் எனக்கு மட்டும்தான்.

என்னை முதலில் பார்த்தவன் நதீம்தான். முகமெல்லாம் மலர நேராக ஓடி வந்தான். மோதிய வேகத்தில் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினான்.

"அம்மா, அத்தை திரும்ப வந்துட்டாங்க! முதல்லேர்ந்து தாண்டலாம்!"