கைராசிக்காரர்

குடியிருப்பின் தோட்டக் குழுவில் சந்தானகோபால் பேச எழுந்தால் மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். பால்கனியில் பூச்சி தின்னும் குடுவைச் செடி வளர்த்து, பதினான்கு குடுவைகளைத் தொங்கவிட்ட ஒரே ஆள் அவர்தான். முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு, எல்லாம் தன் கைராசி என்று முடிப்பார்.

மனைவி கோமளா இறந்த மூன்றாம் மாதம் அத்தனை குடுவைகளும் கருகிவிட்டன.

"குழாய்த் தண்ணியா ஊத்துறீங்க?" என்றாள் எதிர்வீட்டு ஷகிலா. "அந்த உப்பு ஆகாது சார். அக்கா ரூம் ஏசியில சொட்டுறதத்தானே புடிச்சு ஊத்துவீங்க?"

ஆமாம். கோமளா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அந்த ஏசி நிற்கவில்லை. பால்கனியில் சொட்டும் சத்தம் மாறுவதை வைத்தே வாளி நிறைந்ததைக் கண்டுபிடித்துவிடுவாள். "உங்க குடுவைக்கெல்லாம் தாகமாம், போங்க" என்பாள். அவள் போனபின் அவர் அந்த அறைக்குள் நுழையவே இல்லை.

இன்று வாளியைக் கழுவி, ஏசிக் குழாய்க்கு அடியில் வைத்தார். அறைக்குப் போய், அவள் கேட்கும் இருபத்தாறில் ஏசியைப் போட்டார். வெறும் கட்டிலில் போர்வையை விரித்து, கால்மாட்டில் இழுத்துச் செருகினார்.

"நிறைஞ்சா சொல்லு" என்றார்.