அப்பா அடுப்படியில் நிற்கிறார்

"யோவ் கிழவா, ரொட்டியைத் திருப்பு! கருகுது பாரு!"

எல்வீரா நாற்காலியில் சாய்ந்தபடி அதட்டினாள். அவள் புருஷன் சக்கரியாஸ் கல்லில் கிடந்த சோள ரொட்டியை விரலாலேயே திருப்பப் போய், "ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு குதித்தார். கல்யாணமான நாளிலிருந்து மனிதர் அடுப்பைப் பற்ற வைத்ததுகூடக் கிடையாது.

மகன் ரமீரோ வாசலில் நின்று பார்த்தான். ஒரு வாரமாக இதே கூத்துதான். முந்தாநாள் சோறு களியானது, நேற்று பீன்ஸ் அடிபிடித்தது. அடுப்படிக்குள் ஈ, காக்காயைக்கூட நுழைய விடாத அம்மா, திடீரென்று எதற்கு அப்பாவுக்குச் சமையல் சொல்லித் தருகிறாள்?

கண்கள் வேறு சிவந்து கிடக்கின்றன. ஆளும் இளைத்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறார்கள். இவன் தலை தெரிந்தால் கப்சிப்.

கடவுளே, அம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதி!

ரமீரோவின் வயிற்றிலும் ஒரு ரகசியம் இருந்தது. உள்ளூரான ஃப்ரெஸ்னோவில், இரண்டு வருஷப் படிப்பு மட்டுமே உள்ள கம்யூனிட்டி காலேஜில் முட்டி மோதிப் படித்தவனுக்கு, சான் டியேகோவில் உள்ள பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்துக்கு இடம் கிடைத்திருந்தது. குதிரைக் கொம்பான இடம். வருகிறேன் என்று சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

அந்த ஊரை அவன் பிடித்ததே தூரத்துக்காகத்தான். அம்மாவின் பாசம் அப்படி. வகுப்பு எந்தக் கட்டடத்துக்கு மாறினாலும், எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு சாப்பாட்டோடு வாசலில் நிற்பாள். "குளிருது கண்ணு, ஸ்வெட்டரைப் போடு!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "உனக்குச் சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே அந்தப் பெண் இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் நோயாளி அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியுமா?

அப்பாவைத் தனியாக இழுத்தான். "அப்பா, அம்மாவுக்கு என்னதான் ஆச்சு?"

"எனக்கென்னடா தெரியும்? அவளையே கேளு." சக்கரியாஸ் சுட்ட விரலைச் சப்பிக்கொண்டார்.

"சாயங்காலம் மண்பாண்ட வகுப்புக்குப் போறதையாவது நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா என் காலேஜுக்கே நடையா நடக்கிறா. வீட்டுக்கு ஒரு சட்டி வந்திருக்கா?"

"நிறுத்தச் சொன்னா என் மண்டையை உடைச்சிருவா."

ரமீரோ மனசைக் கல்லாக்கிக்கொண்டு அம்மாவிடம் போனான்.

"அம்மா, எனக்கு சான் டியேகோவுல இடம் கிடைச்சிருச்சு."

எல்வீராவின் முகம் வெளுத்துப்போயிற்று. "சான் டியேகோவா? அங்கயா? அந்தக் கடலோரத்து யுனிவர்சிட்டியா?"

"பயப்படாதேம்மா. நான் போகல." அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உன்னை இந்த நிலைமையில விட்டுட்டுப் போவேனா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்."

"எந்த நிலைமையிலடா?"

"இந்தக் கண்ணு, இந்த இளைப்பு, அப்பாவுக்குச் சமையல் பாடம். எல்லாம் எனக்குப் புரிஞ்சு போச்சும்மா!"

அடுப்படியிலிருந்து சக்கரியாஸ் கெக்கெக்கே என்று சிரித்தார். அடுத்த ரொட்டியும் கருகியது.

"வியாதியாம் வியாதி! கண்ணு முழிச்சுப் படிச்சா கண்ணு சிவக்காதா?" எல்வீரா விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நீல நிறப் பனியன் ஒன்றைப் போட்டிருந்தாள். நெஞ்சில் கொட்டை எழுத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பெயர்.

ரமீரோ திறந்த வாயை மூடவில்லை. "அப்போ... மண்பாண்டம்?"

"மண்ணாவது பாண்டமாவது! கணக்கும் சரித்திரமும் படிச்சேன். ஃபெயிலானா நீ சிரிப்பேன்னுதான் உன்கிட்ட சொல்லல. எனக்கும் அங்க இடம் கிடைச்சிருச்சு. வர்றேன்னு காலையிலயே சொல்லியாச்சு."

"அதுக்கு ஏம்மா அவ்வளவு தூரம்?"

"உனக்கும் உங்கப்பனுக்கும் ரொட்டி சுட்டது போதும்னுதான்! கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன்." எல்வீரா பெருமூச்சு விட்டாள். "சரி, என் தலையெழுத்து. இன்னும் நேரம் இருக்கு, நீயும் அங்க வர்றேன்னு சொல்லிரு."

ரமீரோ கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தான். பின்னாலிருந்து அம்மாவின் அதட்டல் கேட்டது.

"ஆனா ஒண்ணு. அங்க யார் முன்னாடியும் என்னை அம்மான்னு கூப்பிட்டு மானத்தை வாங்கிராதே!"