வேலாயுதம் சுற்றிப் பார்த்த ஊர்

"இன்னா புஷ்பம், ஞாயித்துக்கிழமை கோயில் பூசை முடிஞ்சதும் உன் வீட்டுக்காரரு நேரா எந்த வீட்டுச் சாமியக் கும்பிடப் போறாரு?"

கிணற்றடியில் ஆரோக்கியமேரி கேட்டதும் மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெயபுஷ்பம் குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டாள்.

எந்த வீடு என்று அவளுக்கும் தெரியும். செத்துப்போன வேலாயுதத்தின் மனைவி ரங்கம்மாள் வீடு.

ஜெயபுஷ்பத்தின் புருஷன் தேவசகாயமும் வேலாயுதமும் ஆம்பூரில் ஒரே தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். ஜெர்மன் சண்டைக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சுமை தூக்க ஆள் எடுத்தபோது சேர்ந்தே கப்பல் ஏறினார்கள். திரும்பி வந்தது தேவசகாயம் மட்டும்.

வந்த அன்று மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னான். போகும் வழியிலேயே, கரை கண்ணில் படுமுன்பே வேலாயுதம் காய்ச்சலில் போய்விட்டான், சாக்கில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள் என்று. அதோடு சரி. பிறகு வீட்டில் அவன் வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்கவில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் அந்த வீட்டில் மட்டும் மணிக்கணக்காய்ப் பேசுகிறானாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். வேலி ஓரம் நின்றாள். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அவள் புருஷன் சிரிக்கிற சத்தம். அவள் இன்னும் நெருங்கிப் போய்க் காது கொடுத்தாள்.

ஆனால் அவன் பேசியதெல்லாம் வேலாயுதத்தைப் பற்றி. இத்தாலி தேசத்தில் கடலோரமாய் ஒரு பழைய ஊராம். கப்பலை நிறுத்தி ஒரு நாள் முழுக்க ஊர் சுற்ற விட்டார்களாம். மஞ்சள் பூசின வீடுகள், சந்துக்குச் சந்து படிக்கட்டு, எதிரெதிர் சன்னலுக்குக் கயிறு கட்டிக் காயப்போட்ட துணி. இரண்டு பேரும் அவசரமே இல்லாமல் நடந்தார்களாம். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தன் ஆரஞ்சு கொடுத்தானாம்.

"அப்புறம் மணல்ல உக்காந்தோம் அண்ணி. அண்ணன் மட்டும் முட்டியளவு தண்ணியில போய் நின்னுட்டாரு. கூப்பிடக் கூப்பிட வரல. அவ்ளோ சந்தோஷம்."

"இன்னும் எங்கெங்க போனீங்க தம்பி?" என்று ரங்கம்மாள் கேட்டாள்.

ஜெயபுஷ்பத்துக்குத் தாங்கவில்லை. தாலி அறுத்தவளிடம் பொய் சொல்கிற பாவம் தன் பிள்ளை தலையில் அல்லவா விழும்? அவன் கிளம்பிப் போகும்வரை மறைந்து நின்றவள், உள்ளே போய் ரங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. அவரு சொன்னது அத்தனையும் பொய். அந்த மாதிரி ஊர்ல ரெண்டு பேரும் சேர்ந்து கால் வெக்கவே இல்ல. அண்ணன் கப்பல்லயே…"

அவள் முடிக்குமுன்பே ரங்கம்மாள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும் புஷ்பம். தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில நின்னு நின்னு வெடிச்ச காலு அவருது. உப்புத் தண்ணி ஒரு சொட்டு பட்டாலே துடிச்சிடுவாரு. தம்பிக்கு மாடிக் கொட்டகையில தோல் காயவெக்கிற வேலை, பாவம், அது தெரியல. மொத வாரத்துலேர்ந்து அவரைக் கடல்லயே நிக்க வெக்கிறாரு."

"அப்புறம் ஏன்க்கா வாரா வாரம் உக்காந்து கேக்கறீங்க?"

ரங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத நாள் இங்க வந்தப்போ உன் வீட்டுக்காரருக்கு ஒரு சொம்புத் தண்ணியப் புடிக்க முடியல, பாதி தரையில சிந்திட்டாரு. இன்னிக்குச் சிரிச்சாரு, கேட்டல்ல? அந்த ஊரை முழுசா சுத்தி முடிக்கட்டும், வுடு. அப்புறம் தானா உன் வூட்டுக்கு வந்து சேருவாரு."