நாயைக் கட்டி வையுங்கள்

எமரால்டு காலனியில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க லைன்மேன் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சுவரை ஒட்டி எதுவும் இருக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், நாய் இருந்தால் கட்டி வைக்க வேண்டும். அம்மா இலங்கையிலிருந்து கப்பலில் வந்த தகரப் பெட்டியை நடுவீட்டுக்கு இழுத்தாள். அப்பா எஸ்டேட்டில் லீவு போட்டார். எங்களிடம் நாய் இல்லை.

லைன்மேன் ஏணியோடு படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, நாயக் கட்டுங்க. போன மாசந்தான் தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போட்டேன். இனி எடமில்லீங்க."

"எங்ககிட்ட நாயே இல்லீங்க ஐயா," என்று அம்மா சிரித்தாள்.

"வாசல்ல நிக்குதுங்களே. வாய் மட்டும் கறுப்பு. கழுத்துல கயிறு."

அம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

ஐந்து வருடம் முன்பு, பதுளையில் லாரி ஏறிய அன்று, பின்னால் ஓடி வரக் கூடாதென்று எங்கள் நாய் கருவாயனைத் தோட்டத்து லயத்து வீட்டுத் தூணில் அப்பாதான் கட்டினார். பக்கத்து வீட்டார் அவிழ்த்துவிடுவார்கள் என்றார். அவர்களையும் நாங்கள் கப்பலில்தான் பார்த்தோம்.

அப்பா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெறுங்காற்றில் அவர் விரல்கள் வெகுநேரம் எதையோ நெருடின.

"கட்டச் சொன்னா அவுத்து விடறீங்களே!" என்று லைன்மேன் கத்தினார்.

"மழையில நனைஞ்சு முடிச்சு இறுகிருச்சுங்க," என்றார் அப்பா.

சாயங்காலம் முதல் பல்பு எரிந்தது. அதன் கீழே உட்கார்ந்து, அப்பா நகக்கண்களிலிருந்து சணல் நாரை ஒவ்வொன்றாக எடுத்தார்.