குறிப்பிலிருந்த பெயர்

கம்ப்யூட்டரில் செய்த மாற்றங்களைப் பதியும் குறிப்பில் மரிய அனிதாவின் பெயர் தெளிவாக இருந்தது. துறைத் தலைவர் மெய்யநாதன் அச்சடித்த தாளை அவள் முன்னால் போட்டார்.

"ஏம்மா, லைப்ரரியை மாத்துனா நம்பரையும் மாத்தணும்ல? ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டுன்னு எல்.கே.ஜி. பிள்ளை சொல்லுமே."

அவள் மறுக்கவில்லை. பக்கத்து மேசையில் இமானுவேல் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கல்லூரியின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பல புரோகிராம்களும் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு கோப்பு இருந்தது; லைப்ரரி என்பார்கள். அதன் பெயர் 1 என்ற எண்ணில் முடியும். உள்ளமைப்பு மாறினால் புதியதற்கு 2 என்று பெயர் வைத்து, பழையதையும் விட்டுவைக்க வேண்டும். இங்கே புதியதும் 1 என்றே வந்து பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடும் ரிசல்ட் புரோகிராம் அதைப் பழையது என்றே நம்பி, மதிப்பெண்களை இடம் மாற்றிப் படித்தது. 1998 டிசம்பர் பட்டியலை அன்று காலை ஒன்பது மணிக்கு ஒட்டியதும் வராந்தாவெங்கும் அழுகை. பாதிப் பேர் ஃபெயில்.

மாற்றியவன் இமானுவேல். அக்டோபரில், மனைவி பவுலினைப் புதைத்த மூன்றாம் நாள். வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தான்.

மாற்றியவர் தன் பெயரைக் குறிப்பில் எழுதிவைப்பது வழக்கம். அன்று தன் கை அனிதாவின் பெயரையா அடித்தது? அந்த வாரத்தில் நடந்த எதுவும் அவனுக்கு நினைவில்லை.

தாளின் தலையில், குறிப்பைக் கடைசியாகத் திருத்திய நேரமும் அச்சாகியிருந்தது: பட்டியல் ஒட்டிய அதே நாள், காலை 9.20. பெயரைத் தாண்டி யாரும் பார்க்கவில்லை.

இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார் மெய்யநாதன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் கொத்தமங்கலம் பஸ்ஸுக்காக நின்றவளிடம் இமானுவேல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"அனிதா, மாத்துனது நான். உம் பேரையும் நாந்தேன் போட்டிருக்கேன். எப்படிப் போட்டேன்னு தெரியல. இப்பவே சார்ட்டப் போயிச் சொல்லிர்றேன்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"சொல்லாதீக அண்ணே. பவுலின் அக்கா போனதுலருந்து உங்களுக்கு இந்த வேலை ஒண்ணுதேன் இருக்கு."

"அதுக்காக உன் தலையில பழியைப் போடலாமா?"

"நீங்க எங்க போட்டீக? காலையில உங்க பேரை அழிச்சது நாந்தேன்."